மதுரையிலிருந்து தனி ஜெட்: வாடகைக்கு எடுப்பதா, பழைய விமானம் வாங்குவதா?

சார்ட்டர் விமானம் பற்றி விசாரிப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "மணிக்கு எவ்வளவு?" என்பதைத்தான். மதுரை, சிவகாசி, ராஜபாளையம், தேனிப் பக்கம் இருப்பவர்கள் அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது "விமானம் எந்த ஊரில் நிற்கிறது?" என்பது. இந்தியாவில் வாடகைக்கு ஓடும் ஜெட்களில் பெரும்பாலானவை டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத் போன்ற ஊர்களைத் தளமாகக் கொண்டவை. அங்கிருந்து ஆளில்லாமல் மதுரைக்குப் பறந்து வரும் நேரத்துக்கும், உங்களை இறக்கிவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பும் நேரத்துக்கும் பணம் கட்டுவது நீங்கள்தான். தொழிலில் இதை ஃபெர்ரி என்பார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எட்டுப் பேர் உட்காரும் நடுத்தர ஜெட், மணிக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானம் பெங்களூருவில் நிற்கிறது. காலையில் மதுரையிலிருந்து டெல்லி போய், மறுநாள் மாலை திரும்ப வேண்டும். பெங்களூரு–மதுரை 1 மணி, மதுரை–டெல்லி 3 மணி, டெல்லி–மதுரை 3 மணி, மதுரை–பெங்களூரு 1 மணி. மொத்தம் 8 மணி, 24 லட்சம். இறங்கு கட்டணம், நிறுத்துமிடக் கட்டணம், ஹேண்ட்லிங் எனப்படும் தரைச் சேவை, பைலட்கள் டெல்லியில் தங்கும் செலவு எல்லாவற்றுக்கும் 1 லட்சம் போட்டால் 25 லட்சம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4.5 லட்சம். ஆக, 29.5 லட்சம்.

அதே வேலைக்கு டெல்லியில் நிற்கும் விமானத்தை எடுத்தால்? உங்களைக் கூட்டிப்போக மதுரைக்கு 3 மணி, டெல்லிக்கு 3 மணி, மறுநாள் உங்களை இறக்கிவிட 3 மணி, வெறுமனே திரும்ப 3 மணி. 12 மணி. மணிக்கு 50 ஆயிரம் குறைத்துத் தந்தாலும் வரிக்கு முன்பே 30 லட்சம் வந்துவிடுகிறது. மணிக் கட்டணம் குறைவு என்று எடுத்த விமானம்தான் அதிகச் செலவு வைக்கிறது.

ஒருவழிப் பயணம் என்றால் பாதிப் பணம் ஆகும் என்ற நினைப்பும் பலருக்கு உண்டு. பெங்களூரு விமானம் உங்களை டெல்லியில் விட்டுவிட்டு ஊர் திரும்ப இரண்டரை மணி ஆகும். 1 + 3 + 2.5 என்று ஆறரை மணிக்குக் கட்டணம் வரும். போய்வர ஆகும் 8 மணியோடு ஒப்பிட்டால் மிச்சம் ஒன்றரை மணிதான். இந்த வெறும் பயணங்களையே சில நிறுவனங்கள் 'எம்ப்டி லெக்' என்று குறைந்த விலைக்குத் தருகின்றன. தேதியும் நேரமும் அவர்கள் வசதிப்படிதான் இருக்கும். முதலில் புக் செய்தவர் பயணத்தை ரத்து செய்தால் உங்கள் பயணமும் போச்சு. முகூர்த்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர் எம்ப்டி லெக்கை நம்பக் கூடாது.

கொட்டேஷன் வாங்கும்போது கவனிக்க வேண்டிய சில வரிகள் உண்டு. மணிக்கணக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுப்பதிலிருந்து மறுபடி போடும் வரையா, பறக்கும் நேரம் மட்டுமா? ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 2 மணிக்குக் கட்டணம் என்று போடுவது வழக்கம். மதுரை–சென்னை நேர்கோட்டில் 420 கிலோமீட்டர்தான். முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூடப் பறக்கும் தூரத்துக்கு ஃபெர்ரியும் குறைந்தபட்சக் கட்டணமும் சேர்த்துக் கொடுப்பது, நோயாளியை அழைத்துப் போவது போன்ற அவசரம் இல்லாவிட்டால், எங்கள் பார்வையில் தேவையில்லாத செலவு. விமானம் பழுதானால் மாற்று விமானம் தருவார்களா, அதன் கட்டண வித்தியாசம் யார் தலையில், ரத்து செய்தால் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பவையும் எழுத்தில் வர வேண்டும்.

பணம் அனுப்புமுன் பார்க்க வேண்டியது

சொந்த போர்டு காரை வாடகைக்கு ஓட்டக் கூடாது, டி போர்டு வேண்டும் என்பது நமக்குத் தெரியும். விமானத்திலும் அதே விதிதான். தனியார் பயன்பாட்டுக்கு என்று பதிவான விமானத்தில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. வாடகைக்கு ஓட்ட, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வழங்கும் என்எஸ்ஓபி, அதாவது கால அட்டவணையில்லாத விமானச் சேவைக்கான அனுமதி வேண்டும். அந்த அனுமதியில் குறிப்பிட்ட விமானத்தின் பதிவெண்ணும் இருக்க வேண்டும். இந்தியப் பதிவெண் விடி என்று தொடங்கும். நிறுவனத்தின் பெயரைக் கேட்டு விட்டுவிடாமல் பதிவெண்ணைக் கேளுங்கள், பிறகு அனுமதியின் நகலையும் காப்பீட்டுச் சான்றையும் கேளுங்கள். "ஓனர் நமக்குத் தெரிந்தவர், டீசல் காசு கொடுத்தால் போதும்" என்று யாராவது தனியார் விமானத்தை ஏற்பாடு செய்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால், அனுமதியில்லாத பயணம் என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க முடியும். பாதிக்கப்படுவது ஏறியவரின் குடும்பம்.

இடைத்தரகர் மூலம் எடுப்பதில் தப்பில்லை. ஆனால் விமானத்தை இயக்குவது யார் என்ற பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

மதுரை ரன்வேயும் மதுரை வெயிலும்

மதுரை ரன்வேயின் நீளம் சுமார் 7,500 அடி, அதாவது 2,285 மீட்டர். சிறிய, நடுத்தர ஜெட்களுக்கு இது தாராளம். பெரிய ஜெட்களுக்கும் போதும், ஆனால் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். விமானத் தயாரிப்பாளர் சொல்லும் டேக் ஆஃப் தூரம் கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பநிலைக்கானது. மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தரநிலை வெப்பம் 14 டிகிரி. மே மாத மதியம் 39 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல். ஒரு டிகிரி கூடினால் 120 அடி உயரம் ஏறியதற்குச் சமம் என்பது பைலட்கள் கையாளும் தோராயக் கணக்கு. 25 × 120 = 3,000. நிலையத்தின் 460 அடியையும் சேர்த்தால், அன்று மதியம் மதுரைக் காற்று ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் இருக்கும் காற்றைப் போல மெலிந்திருக்கும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், இன்ஜினுக்குத் தள்ளுவிசை குறையும், ஓட வேண்டிய தூரம் கூடும். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550 முழு எடையோடு கிளம்ப, தரநிலை வெப்பத்தில் சுமார் 5,900 அடி வேண்டும். கோடை மதியத்தில் மதுரையிலிருந்து முழு எரிபொருளோடு அதைக் கிளப்புவது சிரமம். எரிபொருளைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் விடியற்காலை கிளம்ப வேண்டும். நீண்ட தூரம் போகிறவர்களுக்குத் தூத்துக்குடியின் 3,115 மீட்டர் ரன்வேயும் திருவனந்தபுரத்தின் 3,400 மீட்டர் ரன்வேயும் மாற்று வழிகள்.

மதுரைக்கு 2024இல் 24 மணி நேர இயக்க அனுமதி கிடைத்திருப்பதால் அதிகாலைப் பயணம் சாத்தியம்தான். ஆனாலும் அந்த நேரத்தில் எரிபொருள் வண்டியும் பாதுகாப்புச் சோதனை ஆட்களும் ஹேண்ட்லிங் ஆட்களும் இருப்பார்கள் என்பதை இயக்கும் நிறுவனம் முன்கூட்டியே உறுதிசெய்ய வேண்டும்.

வெயில் இன்னொரு விதத்திலும் படுத்தும். சிறிய ஜெட்கள் பலவற்றில், தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் ஏபியு என்கிற துணை இன்ஜின் கிடையாது. சைட்டேஷன் சிஜே வரிசை இதற்கு உதாரணம். இன்ஜின் ஓடத் தொடங்கும் வரை ஏசி வேண்டுமானால், தரையிலிருந்து மின்சாரம் தரும் வண்டி விமானத்தின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற கேபினுக்குள் பெரியவர்களையும் குழந்தைகளையும் ஏற்றுவதாக இருந்தால், "ஏபியு இருக்கிறதா, இல்லையென்றால் மதுரையில் கிரவுண்ட் பவர் சொல்லிவிட்டீர்களா?" என்று முதல் நாளே கேளுங்கள்.

அளவைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். மதுரையிலிருந்து மும்பை சுமார் 1,170 கிலோமீட்டர், டெல்லி 2,080, துபாய் 2,950, சிங்கப்பூர் 3,000, கொழும்பு 350. மும்பைக்கு நான்கு பேர் போக சிஜே2 மாதிரியான சிறிய ஜெட் போதும். ஆனால் அதன் கேபின் உயரம் 4 அடி 9 அங்குலம்தான். குனிந்துதான் நடக்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம். ஹாக்கர் 800எக்ஸ்பி ரகத்தில் உயரம் 5 அடி 9 அங்குலம். துபாய், சிங்கப்பூருக்கு அதுவே நிற்காமல் போகும். துபாய் போகும்போது குளிர்காலத்தில் எதிர்காற்று பலமாக இருப்பதால் திரும்பி வருவதைவிடக் கூடுதல் நேரம் ஆகும், பில்லிலும் அது தெரியும்.

இருக்கை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். பெரும்பாலான சிறிய ஜெட்களால் எல்லா இருக்கையிலும் ஆளை ஏற்றிக்கொண்டு டேங்கையும் நிரப்பிக்கொள்ள முடியாது. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு பெட்டி, டெல்லி என்று சொன்னால் எரிபொருளைக் குறைத்துவிட்டு வழியில் ஹைதராபாத்திலோ நாக்பூரிலோ இறங்கி நிரப்ப வேண்டிவரலாம். அதற்கு முக்கால் மணியும் இன்னொரு இறங்கு கட்டணமும் ஆகும். அதனால் பயணிகளின் எடையையும் பெட்டிகளின் எடையையும் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் ஏற்றும் சீர்வரிசைப் பெட்டிகளால் புறப்பாடு தாமதமாவது சகஜம்.

பைலட்களின் பணிநேர வரம்பையும் நினைவில் வையுங்கள். அது பறக்கும் நேரத்தை மட்டும் பொறுத்தது அல்ல. அவர்கள் வேலைக்கு வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. நீங்கள் மீட்டிங்கில் இருக்கும் ஐந்து மணி நேரமும் அதில் சேரும். விடிகாலை கிளம்பி இரவு 11 மணிக்கு அதே குழுவோடு மதுரை திரும்புவது பெரும்பாலும் நடக்காது. இரண்டாவது குழுவோ, ராத்தங்கலோ தேவைப்படும். தனி விமானம் என்பதால் பாதுகாப்புச் சோதனை கிடையாது என்றும் நினைக்க வேண்டாம். அடையாள அட்டையும் பெட்டிச் சோதனையும் உண்டு. மதுரையிலேயே சுங்கமும் குடிவரவும் இருப்பதால் நேராக வெளிநாடு போகலாம். ஆனால் பாஸ்போர்ட் விவரங்களை முன்கூட்டியே தர வேண்டும், போகிற நாட்டின் அனுமதிக்கும் நாள் பிடிக்கும்.

வாங்கினால் கட்டுப்படியாகுமா?

பழைய பிஸினஸ் ஜெட்டின் விலை பார்ப்பவரை மயக்கும். 20 வயதான நடுத்தர ஜெட், புதிய விமானத்தின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கும். ஆனால் பைலட் சம்பளமும் எரிபொருளும் இன்ஜின் ஓவர்ஹாலும் விமானத்தின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. பராமரிப்போ வயதாக ஆகக் கூடும். தமிழ்நாடு விமான எரிபொருளுக்கு நாட்டிலேயே அதிக வரி போடும் மாநிலங்களில் ஒன்று என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கணக்கு இப்படி. பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஆகும் செலவு, அதாவது பைலட்கள், அவர்களின் சிமுலேட்டர் பயிற்சி, காப்பீடு, நிறுத்துமிடம், பராமரிப்பு மேலாண்மை, வழிகாட்டித் தரவுச் சந்தா எல்லாம் ஆண்டுக்கு 5 கோடி என்று வைத்துக்கொள்வோம். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் 1.5 லட்சம். சார்ட்டர் மணிக்கு 3 லட்சம். சொந்த விமானத்தில் மணிக்கு மிச்சமாவது 1.5 லட்சம். 5 கோடியை அதால் வகுத்தால் 333 மணி. ஆண்டுக்கு 333 மணிக்கு மேல் பறந்தால்தான் நிலையான செலவே தேறும். போட்ட முதலுக்கு வட்டியும் விலைச் சரிவும் தனி. மாதம் ஒருமுறை டெல்லி போய்வருபவர் ஆண்டுக்குப் பறப்பது 72 மணிதான். அவர் சார்ட்டரிலேயே இருப்பது நல்லது. இன்னொன்று, பிஸினஸ் ஜெட்களுக்கான பராமரிப்புத் தளம் மதுரையில் இல்லை. உங்கள் விமானம் பெங்களூருவிலோ ஹைதராபாத்திலோ நின்றால், சொந்த விமானத்துக்கும் ஃபெர்ரி செலவு உண்டு.

வரியை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சொந்தப் பயன்பாட்டு விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். வாடகைத் தொழிலுக்கு என்றால் 5 சதவீதம். 25 கோடி விமானத்துக்கு முதல் வகையில் 10 கோடி, இரண்டாவதில் 1.25 கோடி. இந்த வித்தியாசத்துக்காக என்எஸ்ஓபி என்று காட்டி இறக்குமதி செய்துவிட்டு, குடும்பத்தோடு மட்டும் பறப்பது ஆபத்து. சுங்கத் துறை வழக்குப் போட்டு விமானங்களைப் பறிமுதல் செய்த நிகழ்வுகள் உண்டு. நேர்மையான வழி, ஏற்கெனவே என்எஸ்ஓபி வைத்திருக்கும் நிறுவனத்திடம் விமானத்தை ஒப்படைத்து, உண்மையாகவே வாடகைக்கு ஓடவிட்டு, நீங்கள் பறக்கும்போதும் பில் போட்டுக் கொடுப்பது. சொந்தமாக என்எஸ்ஓபி வாங்குவதற்குப் பொறுப்பு மேலாளர், பாதுகாப்பு, பயிற்சி, பராமரிப்புக்குத் தனித்தனி ஆட்கள் என்று ஒரு அலுவலகமே வேண்டும்.

வாங்கும் படிகளில் பணம் காப்பதும் தொலைப்பதும் ஆய்வுக் கட்டத்தில்தான். முதலில் விருப்பக் கடிதம். பிறகு எஸ்க்ரோ கணக்கில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் நபர் வைத்திருக்கும் கணக்கில் முன்பணம், பெரும்பாலும் 1 லட்சம் முதல் 2.5 லட்சம் டாலர். ஆய்வு முடிந்து "தொழில்நுட்ப ரீதியாக ஏற்கிறேன்" என்று கையெழுத்திடும் வரை இது திரும்பக் கிடைக்க வேண்டும். அந்த வாசகம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. இதற்கெல்லாம் முன்பே ஒரு வேலை இருக்கிறது: இறக்குமதி செய்யும் பழைய விமானத்துக்கு டிஜிசிஏ வயது வரம்பு வைத்திருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் விமானம் அதற்குள் வருகிறதா, அந்த மாடலுக்கு இந்தியாவில் ஏற்பு இருக்கிறதா என்பதை அன்றைய விதியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

பறந்ததையும் பழுதுபார்த்ததையும் எழுதிவைக்கும் லாக் புக், விமானம் பிறந்த நாளிலிருந்து முழுமையாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் காணாமல் போயிருந்தால் அதன் விலையே வேறு. விபத்துப் பழுது மறைக்கப்பட்டிருக்கலாம். ஆயுள் வரம்புள்ள இன்ஜின் பாகங்கள் எத்தனை சுற்று ஓடின என்று நிரூபிக்கவும் முடியாது.

இன்ஜினுக்கு ஓர் உதாரணம். ஹாக்கர் 800எக்ஸ்பியில் இருப்பது ஹனிவெல் டிஎஃப்இ731-5பிஆர். 2,100 மணிக்கு ஒருமுறை பெரிய ஆய்வு, 4,200 மணிக்கு மையப் பகுதி முழுவதையும் பிரிக்கும் ஆய்வு. 4,000 மணி ஓடிய இன்ஜினோடு விலை குறைவாகக் கிடைக்கும் ஹாக்கர், வாங்கிய முதல் ஆண்டிலேயே இரண்டு இன்ஜினையும் பிரிக்க வைக்கும். அந்தச் செலவு விமான விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும். மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் இன்ஜின் பராமரிப்புத் திட்டத்தில் விமானம் சேர்ந்திருக்கிறதா, தவணை பாக்கியில்லையா, வாங்குபவர் பெயருக்கு மாறுமா என்பது அதனால்தான் முக்கியம்.

ஆய்வை, அந்த விமானத்தை இதுவரை பராமரித்த பட்டறையிலேயே செய்யக் கூடாது. தங்கள் வேலையில் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. சிறந்த ஆய்வாளர் முதலில் கம்பளத்தைத் தூக்குவார். கதவடி, காபி மேடையின் கீழ், கழிப்பறைத் தரையின் கீழ் என்று திரவம் சிந்தும் இடங்களில்தான் அலுமினியம் அரிக்கும்; மேலே புது பெயிண்ட் பளபளக்கும்போது கீழே வெள்ளைப் பொடியாக உதிரும். முன்கண்ணாடியின் அடுக்குகள் ஓரத்தில் பிரிகின்றனவா என்று பார்ப்பார். போரஸ்கோப் என்கிற மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டு இன்ஜின் பிளேடுகளின் நுனியில் எரிந்த தடமோ விரிசலோ உண்டா என்று பார்ப்பார். இறக்கையின் அடியில் எரிபொருள் கசிவின் கறை, தரையிறங்கு கியரின் அடுத்த ஓவர்ஹால் தேதி, பறக்கும் சோதனையில் கேபின் அழுத்தம் நிற்கிறதா என்பன மற்றவை. இவ்வளவுக்கும் இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அவசரப்படுத்தும் விற்பனையாளரை நம்பாதீர்கள்.

வில்லங்கம் பார்ப்பதும் உண்டு. அமெரிக்கப் பதிவு விமானத்துக்கு ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவேட்டிலும், கேப்டவுன் ஒப்பந்தப்படி இயங்கும் பன்னாட்டுப் பதிவேட்டிலும் கடன் பிடிப்பு தேடப்படும். தெளிவாக இருந்தால்தான் எஸ்க்ரோவிலிருந்து பணம் விடுவிக்கப்படும். அதன்பின் பழைய பதிவு நீக்கம், ஏற்றுமதிக்கான பறக்கும் தகுதிச் சான்று, சுங்கம், விடி பதிவு, இந்தியத் தகுதிச் சான்று. தாள் வேலை முடியும் வரை விமானம் நிற்கும். பைலட் சம்பளமும் காப்பீடும் நிற்காது. அந்தச் சில மாதங்களுக்கான பணத்தையும் விலையோடு சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

நிற்கும் விமானத்தைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதைத்தான் புதிதாக வாங்குபவர்கள் கடைசியில் யோசிக்கிறார்கள். எரிபொருள் டேங்கின் அடியில் தேங்கும் நீரில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். ஒழுங்காக அடிநீரை வடிக்க வேண்டும். மூடி போடாத இன்ஜின் வாயில் குருவி கூடு கட்டும். பிட்டோ குழாய்க்குள் பூச்சி புகுந்தால் வேகமானி தப்பாகக் காட்டும். வெயிலில் ரப்பர் சீல் காய்ந்து ஹைட்ராலிக் எண்ணெய் கசியும். மதுரையில் டயர் வெடித்தாலும் அந்த ரக விமானத்துக்கு உரிமம் பெற்ற இன்ஜினியரும் உதிரி டயரும் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அதுவரை விமானம் ஏஓஜி, அதாவது பறக்க முடியாமல் தரையில். எந்த நிறுவனத்தின் இன்ஜினியர், எத்தனை மணி நேரத்தில், எந்த ஊரிலிருந்து வருவார் என்ற ஒப்பந்தம் விமானம் இந்தியாவில் இறங்குவதற்கு முன்பே கையெழுத்தாகியிருக்க வேண்டும்.